எதுவும் வளராத தட்டு

மாமனாருக்குத் தெருவில் ‘சர்வரோகம்’ என்று பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள். அவருக்கு அதில் கோபமில்லை. யாரோ பட்டம் கொடுத்துவிட்ட மாதிரி சிரித்துக்கொள்வார். வீட்டின் கீழ்த்தளம்தான் அவருடைய மருந்துக்கடை. காய்ச்சலா, காதில் சீழா, பல்வலியா, ஆறாத புண்ணா, எதைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் அவர் கை பழகின மாடு மாதிரி ஒரே இழுப்பறைக்குப் போகும். பாதி சிவப்பு, பாதி மஞ்சள் கேப்சூல். அட்டையில் கொஞ்சத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி நீட்டுவார். “சாப்பாட்டுக்கு அப்புறம் போடு. எல்லாத்துக்கும் கேக்கும்” என்பார். டாக்டர் சீட்டைப் பற்றி அவரும் கேட்டதில்லை, வந்தவர்களும் நினைத்ததில்லை.

மருமகனுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: கிருமிக்காரர். பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் கிருமிகளை வளர்த்துப் பார்ப்பது அவன் வேலை. “மாமனார் கொல்றாரு, மாப்பிள்ளை வளக்குறாரு. ஜாடிக்கேத்த மூடி” என்று எதிர்த்த தையல்கடை அக்கா அவன் கல்யாணத்தில் சொன்னது தெரு முழுக்கச் சுற்றியது. அப்போது அவனும் சிரித்தான். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இப்போது வீட்டில் மாமனார், அவன், நான்கு வயது மகள். எடை குறைவாகப் பிறந்தவளைத் தாத்தா ‘துரும்பு’ என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. அவன் பக்கத்தில் சொல்லிக்கொள்ள யாருமில்லை. குழந்தைகள் காப்பகத்தில் விசாரித்தான். அவன் வேலை முடிவதற்கு வெகுநேரம் முன்பே அதைப் பூட்டிவிடுவார்கள். ஆகவே பகலெல்லாம் துரும்பு கடையில் தாத்தாவோடு. காலி மருந்துப் பெட்டிகளை அடுக்கி வீடு கட்டுவாள், இடிப்பாள், மறுபடி கட்டுவாள். அவளுடைய அம்மாவும் அதே மூலையில் அதே மாதிரிப் பெட்டிகளோடு வளர்ந்தவள்தான்.

மனைவி இறந்தபின் மாமனாரிடம் அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

“மாமா, இவளுக்கு என்ன வந்தாலும் எனக்கு ஃபோன் போடுங்க. நான் வராம இவ வாயில எந்த மருந்தும் ஊத்தாதீங்க.”

“சரி மாப்ள.”

“சும்மா சரின்னு சொல்லாதீங்க.”

“சரிங்கிறேன்ல. அடிச்சு சத்தியம் பண்ணணுமா?”

கேட்டதற்குக் காரணம் இருந்தது.

அந்தக் கேப்சூலில் மாயம் ஒன்றுமில்லை. பாக்டீரியாவுக்கு உடம்பைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. வளர வளர அது சுவரையும் கட்டிக்கொண்டே போகவேண்டும். மருந்து போய், கட்டுகிற கையைப் பிடித்துக்கொள்ளும். அரைகுறைச் சுவர் பிளந்து கிருமி வெடித்துச் சாகும். மனித உடம்பில் அப்படிப்பட்ட சுவர் இல்லாததால் அந்த அடி நம்மேல் விழுவதில்லை. சில மருந்துகளுக்கு ஓரிரு வகைக் கிருமிகள் மட்டுமே இலக்கு. இது அப்படியல்ல. நெஞ்சில், காதில், தோலில், சிறுநீர்ப் பாதையில் குடியேறும் பல சாதிக் கிருமிகளை ஒரே வீச்சில் அடிக்கும். எந்தக் கிருமி என்று தெரியாமல் ஆள் சாகக் கிடக்கும்போது அதைவிடப் பெரிய துணை கிடையாது.

ஆனால் அதற்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியாது. குடலில் நமக்காக உழைக்கும் நல்ல கிருமிகளும் சேர்ந்தே சாகும். சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. வைரஸுக்குச் சுவரே கிடையாது. இல்லாத சுவரை எந்த மருந்து இடிக்கும்? வேண்டாத இடத்தில் வேண்டாத நேரத்தில் ஒவ்வொரு தடவை அதைப் போடும்போதும் சாகக்கூடியவை செத்துப்போகும், சாகாதவை மிஞ்சும். காலியான இடத்தில் மிஞ்சினவை பல்கிப் பெருகும்.

மனைவிக்குச் சிறுவயதில் மூக்கு ஒழுகினால் கேப்சூல். கால் சிராய்த்தால் கேப்சூல். பரீட்சைக்கு முந்தின நாள் உடம்பு லேசாகச் சுட்டால் கேப்சூல். மாமனாரைச் சொல்லியும் குற்றமில்லை. அவருடைய மனைவி பிரசவக் காய்ச்சலில் போனவள். போடவேண்டிய ஊசி வந்து சேர்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. கைக்குழந்தையோடு திரும்பி வந்தவர் அப்புறம்தான் மருந்துக்கடை வைத்தார். “கொடுத்துக் கெட்டவன் இல்ல மாப்ள, கொடுக்காம கெட்டவன் நான்” என்று ஒருமுறை அவனிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த மகளுக்கு, அதாவது அவன் மனைவிக்கு, இடுப்பு வலியும் குளிர்காய்ச்சலும் வந்தபோதும் அவர் தாமதிக்கவில்லை. கேப்சூல் கொடுத்தார். காய்ச்சல் இறங்குவதுபோல் இறங்கி ஏறியது. மறுபடி கொடுத்தார். அவளும் அப்பா சொல்லே வேதம் என்று விழுங்கினாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது சிறுநீரகத்திலிருந்த கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல், அதைவிட வலுவான பரந்த வீச்சு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய தட்டு அவனுடைய மேசைக்கே வந்தது. உள்ளங்கையளவு வட்டத் தட்டு, அதில் உறைந்த கூழ். கூழின்மேல் நோயாளியின் கிருமியைத் தடவி, மருந்து ஊறிய சின்னக் காகித வில்லைகளை வைத்து, உடல்சூட்டில் விட்டுவிடுவார்கள். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றி நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டினதுபோல் ஒரு வெற்று வட்டம் விழும். அவளுடைய தட்டில் கிருமி வில்லைகளின் விளிம்புவரை வந்து முட்டிக்கொண்டு நின்றது, குளத்துப் பாசியில் மூழ்கின கல் மாதிரி. ஒரே ஒரு வில்லைக்கு மட்டும் மெல்லிய வட்டம். அந்த மருந்தைத் தேடிப் பிடித்து ஏற்றுவதற்குள் சிறுநீரகம் வேலையை நிறுத்திவிட்டது.

அப்படிப்பட்ட கிருமி ஒரு வீட்டில் ஒருவரோடு நிற்காது. கூட இருக்கிறவர்கள் குடலிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும். துரும்பு அம்மாவின் மார்போடு ஒட்டிக்கொண்டு தூங்கினவள். அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால், முதலில் சிறுநீரோ ரத்தமோ மாதிரி எடுக்கவேண்டும். எந்தக் கிருமி, எதற்கு அடங்கும் என்று தெரியவேண்டும். அதற்குமுன் ஒரு வாய் மருந்து உள்ளே போனால்கூட மாதிரி கெட்டுவிடும். அவன் பயமெல்லாம் அதுதான்.

ஒருநாள் அவன் வேலையில் இருக்கும்போது ஃபோன் வந்தது. பேசினது மாமனார் இல்லை, தையல்கடை அக்கா.

“சார், பாப்பாவுக்கு ஒடம்பு கொதிக்குது. ஒண்ணுக்குப் போறப்ப எரியுதுன்னு அழுவுது. உங்க மாமா உங்ககிட்ட சொல்ல வேணாம், வேலைல இருப்பீங்கன்னாரு. எனக்கு மனசு கேக்கல.”

சுத்தமான பாட்டில் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினான். கடையில் துரும்பு தாத்தாவின் மடியில் சுருண்டு கிடந்தாள். கன்னம் சிவந்திருந்தது. அவன் குனிந்து தூக்கியபோது அவள் வாயிலிருந்து பழவாசனை வந்தது. அதே மருந்தின் குழந்தைகள் சிரப்பில் கம்பெனிக்காரன் சேர்க்கிற பழவாசனை.

“குடுத்துட்டீங்களா மாமா?”

“என்னத்தை?”

“தாத்தா பிங்க் தேன் குடுத்தாரு” என்றாள் துரும்பு. “கசக்கவே இல்லப்பா.”

மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “குழந்தை துடிக்குது. பாத்துட்டு இருக்கச் சொல்றீங்களா?”

“ஃபோன் பண்ணச் சொன்னேன்.”

“ஃபோன் பண்ணா காய்ச்சல் எறங்குமா?”

“எத்தனை வேளை?”

“காலைல ஒண்ணு, இப்ப ஒண்ணு. சின்ன அளவுதான். எனக்குத் தெரியாததா?”

காலையிலேயே காய்ச்சல் இருந்திருக்கிறது. அவன் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினான்.

குழந்தைகள் டாக்டரம்மா அவனை அறிந்தவர். முழுதும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“உள்ள மருந்து போயாச்சு. சரி, போனது போச்சு. யூரின் எடுத்து அனுப்புங்க, பாக்கலாம்.”

“இதுல எதுவும் வளராது டாக்டர்.”

“வளரலாம், வளராமலும் இருக்கலாம். அம்மாவுக்கு இருந்த அந்தக் கிருமியா இருந்தா இந்த சிரப்புக்கு அது அசையாது. தட்டுல கண்டிப்பா வரும். அப்ப வேற மருந்து போட்டுக்கலாம். வரலன்னா…”

“வரலன்னா?”

“காய்ச்சல் எறங்குதான்னு பாப்போம். அதுவரைக்கும் இதே சிரப் ஓடட்டும். வேற என்ன செய்யறது சொல்லுங்க?”

அவன் துரும்பைத் தூக்கிக்கொண்டு பாட்டிலோடு கழிப்பறைக்குப் போனான்.

பரிசோதனைக்கூடத்தில் அவனோடு வேலை பார்க்கும் மூத்த அக்கா பாட்டிலை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “நான் போடறேன் தம்பி. நீ கை வைக்காதே. போன தடவை உன் வீட்டுக்காரி தட்டை நான் சொல்லியும் கேக்காம பாத்தே. இந்தத் தடவையாவது பெரியவங்க சொல்லைக் கேளு.”

அன்று மாலையே காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. கூடவே துரும்புக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. அவனுக்கு உடை மாற்றி மாளவில்லை. நல்ல கிருமிகள் சாகின்றன என்று அவனுக்குத் தெரிந்தது. மாமனாருக்கு வேறு மாதிரி தெரிந்தது.

“அழுக்கெல்லாம் வெளிய போகுது மாப்ள. நல்லதுதான்.”

மறுநாள் அக்கா வருவதற்குமுன் அவனே தட்டுகளை உடல்சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டரைத் திறந்தான். மகளின் எண் எழுதிய தட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினான். கூழ் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை.

“சே” என்றான்.

கைப்பையை வைக்கக் குனிந்த அக்கா நிமிர்ந்தாள். “என்ன ‘சே’? வளரலியா? அதுக்கு வயித்துல பால் வார்த்த மாதிரில்ல இருக்கணும்?”

‘சே’ என்றது தன் வாய்தானா என்று பார்த்துக்கொண்டு நின்றான். வழியெல்லாம் அவன் கும்பிட்டுக்கொண்டு வந்தது தட்டு சுத்தமாக இருக்கவேண்டும் என்றல்ல. வளர்ந்திருக்கவேண்டும். மனைவியின் தட்டில் வளர்ந்த அதே கிருமி, வில்லைகளை முட்டிக்கொண்டு. அதைக் கொண்டுபோய் மாமனாரின் கடை மேசையில், அவர் மூக்குக்கண்ணாடிக்கு நேராக வைக்கவேண்டும். அதற்காக, பெற்ற பிள்ளையின் உடம்பில் அந்த எமன் இருந்தால் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு ஒருத்தன் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கிறான். அந்த ஒருத்தன் அவன்தான்.

குழாயடியில் போய்க் கை கழுவினான். வேலை முடிந்து கழுவுகிற மாதிரி முழங்கைவரை கழுவினான்.

டாக்டரம்மா முடிவைப் பார்த்தார். “நல்லதாப் போச்சு. காய்ச்சலும் இல்லைங்கிறீங்க. சிரப்பை நிறுத்திடலாம்.”

“அப்ப என்ன காய்ச்சல் அது?”

“வைரஸா இருந்திருக்கலாம், தானா போயிருக்கும். தண்ணி சரியா குடிக்காம எரிச்சல் வந்திருக்கலாம். இல்ல, நெசமாவே யூரின்ல கிருமி இருந்து சிரப் கொன்னிருக்கலாம். முதல்லயே மாதிரி எடுத்திருந்தா சொல்லலாம். இப்ப ஜோசியம்தான்.” அவர் அவன் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “குழந்தை நல்லா இருக்கா. அது போதாதா உங்களுக்கு?”

“போதும் டாக்டர்” என்றான்.

மாலை வீடு திரும்பியபோது கடையில் கூட்டம். துரும்பு தன் மூலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். மாமனார் குரல் தெருவரை கேட்டது.

“ரெண்டே வேளை! நெருப்பா கொதிச்ச ஒடம்பு பச்சத் தண்ணியா ஆயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாரு எங்க மாப்பிள்ளை. இதோ வர்றாரே, அவரையே கேளுங்க. மாப்ள, தட்டு என்ன சொல்லுச்சு?”

“ஒண்ணும் வளரல மாமா.”

“பாத்தீங்களா? வளர்றதுக்கு அங்க என்ன இருக்கு? நான்தான் தீத்துக் கட்டிட்டேனே!”

எல்லோரும் சிரித்தார்கள். அவன் மாடிப்படியில் ஏறியிருக்கவேண்டும். ஏறவில்லை.

“மருந்து குடுத்தப்புறம் மாதிரி எடுத்தா, கழுவிவிட்ட தரையில கால்தடம் தேடற மாதிரிதான் மாமா. திருடன் வந்தானா வரலையான்னே தெரியாது.”

“குழந்தை பொழைச்சாளா இல்லையா?”

“காக்கா உக்கார பனம்பழம் விழுந்திருக்கலாம்.”

“அட, விழுந்துச்சுல்ல!” என்றார் மாமனார். மறுபடி சிரிப்பு.

தையல்கடை அக்கா இடையில் புகுந்தாள். “அது கெடக்கட்டும் சார். எங்க வீட்டுக்காரருக்கு ஒரே தும்மலும் இருமலும். மூக்கு குழாயா கொட்டுது. பாப்பாவுக்குக் குடுத்த மருந்துலயே பெரியவங்களுக்கு உள்ளதைக் கேட்டேன். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்கு நிம்மதி. கேக்கும்ல?”

மாமனார் கையில் அட்டையும் கத்தரிக்கோலும் இருந்தன. கடையில் இருந்த முகமெல்லாம் அவன் பக்கம் திரும்பின. கேட்கும் என்று சொல்ல ஒரு வினாடி போதும். சொல்லியிருந்தால் எல்லாரும் அவரவர் வழியில் போயிருப்பார்கள்.

“கேக்காதுக்கா. சளிக்கு அது கேக்காது. வெந்நீர் குடிச்சுட்டுப் படுத்திருக்கச் சொல்லுங்க, தானா போயிடும். மூச்சு வாங்குச்சுன்னா, காய்ச்சல் விடவே இல்லன்னா டாக்டரைப் பாருங்க.”

கத்தரிக்கோல் மேசையில் விழுந்தது.

“என் கடையில நின்னுக்கிட்டு, என் வாடிக்கைக்காரங்ககிட்ட…” மாமனாரின் குரல் உடைந்து உயர்ந்தது. அதுவரை ஒருநாளும் மாப்பிள்ளையை ஒருமையில் பேசாதவர். “உனக்கு என்னடா தெரியும்? தட்டு தட்டுன்னு. என் பொண்ணு மூச்சுக்குத் தவிச்சுட்டுக் கெடந்தா. நீ என்ன பண்ணே? நாளைக்கு வளரும், நாளன்னைக்குத் தெரியும்னு தட்டைப் பாத்துக்கிட்டு நின்னே. நீ பாத்துக்கிட்டே இருந்தே, அவ போயிட்டா.”

அவருக்குள் இது இருக்கிறது என்று அவனுக்கு அதுவரை தெரியாது. அவனுக்குள் இருந்த குற்றச்சாட்டும் இதுவும் ஒரு மழைக்காலம் முழுக்க ஒரே சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்திருக்கின்றன.

“பாத்துக்கிட்டு இருக்கல மாமா. ஆஸ்பத்திரிக்குப் போன ஒடனே மருந்து ஏத்திட்டாங்க. மருந்துக்குப் பஞ்சமே இல்ல. கேக்கல. அவ ஒடம்புல இருந்த கிருமிக்கு நம்ம மருந்தெல்லாம் வெறும் தண்ணி மாதிரி.”

“எப்படியாம்?”

அவன் துரும்பு இருந்த மூலைப் பக்கம் திரும்பினான்.

“எப்படின்னு கேக்கறேன். சொல்லேன். சின்ன வயசுலேர்ந்து நான் குடுத்துக் குடுத்துன்னு சொல்ல வர்றே. நான்தான் என் பொண்ணைக் கொன்னேங்கிறே. அப்படித்தானே?”

துரும்பு ஒரு பெட்டியைக் கையில் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆமாம் என்ற சொல் அவன் தொண்டைவரை வந்துவிட்டது. எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்த சொல். ஆனால் அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது? அவர் இழுப்பறையிலிருந்தா, பிரசவ வார்டிலிருந்தா, குடிதண்ணீரிலிருந்தா, அவன் வேலைக்கூடத்திலிருந்து அவனே சட்டையில் சுமந்து வந்ததா? அதைக் காட்டிக்கொடுக்கிற தட்டு எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது.

“தெரியல மாமா” என்றான்.

ஆமாம் என்றிருந்தால் அவர் சண்டை போட்டிருப்பார். இல்லை என்றிருந்தால் அழுதிருப்பார். தெரியல என்றதற்கு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கத்தரிக்கோலை எடுத்தார். வெட்டு கோணலாக விழுந்தது. வெட்டின துண்டை மேசைமேல் தள்ளினார்.

தையல்கடை அக்கா அவனையும் பார்க்காமல் அவரையும் பார்க்காமல் அதை எடுத்துக்கொண்டாள். “போட்டா ஒண்ணும் ஆயிடாதுல்ல?” என்று பொதுவாகக் கேட்டாள்.

“ஒண்ணும் ஆகாது” என்றார் மாமனார்.

மறுநாள் காலை துரும்பு நன்றாக எழுந்தாள், பால் குடித்தாள், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சிரித்தாள். அவன் வேறு காப்பகம் ஏதாவது இருக்கிறதா என்று பரிசோதனைக்கூடத்து அக்காவிடம் ஃபோனில் கேட்டான். “உன் நேரத்துக்கு எவன் தம்பி தெறந்து வச்சிருப்பான்? தாத்தா இருக்காருல்ல?” என்றாள்.

கடை திறந்திருந்தது. மாமனார் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். சவரம் செய்யாத முகம். அவன் குழந்தையோடு வாசலில் நின்றதும் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்து நீட்டினார்.

“மாமா, எதுவா இருந்தாலும் ஒரு ஃபோன்…”

“கெளம்புங்க மாப்ள. பஸ் போயிடும்.”

மரியாதை திரும்பி வந்திருந்தது. முன்னைவிடக் கொஞ்சம் கூடவே வந்திருந்தது. அவன் குழந்தையைக் கொடுத்தான். துரும்பு தாத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “அப்பா டாட்டா” என்றாள். பிறகு தும்மினாள். ஒன்றல்ல, அடுத்தடுத்துத் தும்மினாள். மூக்கிலிருந்து தெளிவாகத் தண்ணீர் இறங்கியது.

மாமனார் தோள்துண்டால் துடைத்துவிட்டார். அவனைப் பார்க்கவில்லை. பஸ் தெருமுனையில் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவன் ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.